இன்னொரு கரண்டி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆபீஸ் போய்விட்டேன். லீவ் பாக்கி இல்லை. யாரும் தப்பாக நினைக்கவில்லை, நான் உள்பட. சமீபத்தில் கன்ஃபூசியஸைப் படித்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

சீனாவில் அன்றைக்கு அப்பா, அம்மா இறந்தால் மூன்று வருடத் துக்கம். (கணக்கு என்னவோ 25 மாதம்தான். பிற்பாடு 27.) ட்ஸாய் வோ என்ற சீடர், ஒரு வருஷம் போதாதா என்று குருவிடமே கேட்டுவிட்டார். குரு விதியைக் காட்டி மிரட்டவில்லை. அதற்குள் அரிசிச் சோறும் பட்டுத்துணியும் உனக்கு மனசுக்கு ஒப்புமா என்றார். ஒப்பும் என்றார் சீடர். சரி, செய்துகொள் என்று விட்டுவிட்டார். ஆசாமி வெளியே போனபிறகுதான் புலம்பல்: மூன்று வயசு வரை பெற்றவர் கையில் கிடந்த பிள்ளைதானே இவனும்!

உடனே அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சடங்குத் தொப்பி சணலில் இருக்கவேண்டும் என்பது விதி. ஊரே பட்டுக்கு மாறியதும், சிக்கனம்தானே என்று அவரும் மாறிக்கொண்டார். ஆனால், மண்டபத்துக்குக் கீழே நின்று கும்பிடாமல், மேலே ஏறிவந்து கும்பிடும் புதுப்பழக்கத்துக்கு மட்டும் மாட்டேன் என்றார். அது திமிராம்.

எது தொப்பி, எது கும்பிடு? பின்னால் வந்தவர்கள் இரண்டாயிரம் வருடம் அடித்துக்கொண்டது இதற்குத்தான். ஜூ ஷி பெயரில் வழங்கும் நூல் வீட்டுச் சடங்குகளைச் சாதாரணக் குடும்பங்களுக்கு ஏற்றபடி எளிமையாக்கியது. மூன்று வருடத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

மிங் ஆட்சியில் விஷயம் ரத்தக்களறியே ஆனது. அப்பா செத்தால் அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயாகவேண்டும். 1577-ல் தலைமை அமைச்சர் ஜாங் ஜூஜெங்கின் தந்தை இறந்தார். 14 வயசுச் சக்கரவர்த்தி, போகவேண்டாம் என்றார். இவரும் தங்கிவிட்டார். தப்பு என்று எழுதிக்கொடுத்த ஐந்து பேருக்கு அரசவைத் தண்டனையாகத் தடியடி. அதில் ஒருவர் உடம்பிலிருந்து பிய்ந்து விழுந்த சதையை அவர் மனைவி உப்புக்கண்டம் போட்டு வைத்தாராம். அடி கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் இரண்டு கோஷ்டியும் கன்ஃபூசியஸைப் படித்துப் பரீட்சை எழுதி வந்தவர்கள்தான்!

1980-ல் சீன அரசு நிறுவன ஊழியர்களுக்கு ஒரு விதி வந்தது. பெற்றவர் இறந்தால் லீவ் 1 முதல் 3 நாள்.

நான் ஆபீஸ் போன அன்று மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதம். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.