ஓரூருக்கு இரண்டு விதானைமார்

பிள்ளைகளைக் கண்டிப்பது பெற்றோர் கடமை. ஆனால், செய்யாத குற்றத்துக்காகக் கண்டித்துவிட்டால் அந்தக் குற்றம் எம் தலையிலேயே வந்து விழுகிறது. அண்மையில் எமது வீட்டில் அவ்வாறான ஒன்று நிகழ்ந்தது. வாசகர்களுக்குப் பயன்படக்கூடுமாதலால் வெட்கத்தை விட்டு எழுதுகிறோம்.

எமது வீடு பழங்காலத்துக் கல்வீடு, சுவர்கள் தடித்தவை. இணைய இணைப்பு வந்து சேரும் ரவுட்டர் முன்னறையில் இருக்கிறது. மேசைக் கணினி கம்பி மூலம் அதனோடு இணைந்தது. பின்னறைக்கோ வைபை எட்டுவதில்லை. க.பொ.த. உயர்தரம் பயிலும் மகள் இரவு வகுப்புகளை அங்கிருந்தே கேட்க வேண்டியிருந்தது. ஆகவே, அலுமாரியில் கிடந்த பழைய ரவுட்டரொன்றை எடுத்து, கூரைக்குக் கீழாக 20 மீற்றர் கம்பி இழுத்துப் பின்னறையில் பொருத்தினோம். இத்தகைய கம்பி 100 மீற்றர் வரை செல்லுமாதலால் தூரம் தடையாகவில்லை. அன்றிரவு வகுப்புத் தடங்கலின்றி நடந்தது. எமது கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் தொல்லை ஆரம்பமாயிற்று. வகுப்பின் நடுவே இணைப்பு அறும். கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் சிலவேளை வரும், சிலவேளை வராது. ஒருநாள் முன்னறைக் கணினியும் அவ்வாறே முடங்கிற்று. மகள் கண்ணீர் விட்டாள். நாம் முதலில் இணைப்புத் தரும் நிறுவனத்தைத் திட்டினோம். பிறகு, மகனின் விளையாட்டே காரணமென்று அவனுடைய கைத்தொலைபேசியைப் பறித்துப் பூட்டி வைத்தோம். அவன் ஒன்று மாத்திரம் சொன்னான்: "அப்பா, வைபைக் கோடுகள் முழுசா நிக்குது, ஆனா ஒண்டும் வருதில்லை. அப்ப பிழை காத்திலை இல்லைத்தானே?"

அதனை நாம் செவிமடுக்கவில்லை. தொலைபேசி பூட்டியிருக்கும்போதே மறுநாளும் வகுப்பு அறுந்தது. அப்பொழுதுதான் அவன் சொல் நெஞ்சில் தைத்தது.

ஞாயிறு காலை ஒழுங்காகச் சோதிக்க உட்கார்ந்தோம். முதலில் பின்னறைக் கம்பியைக் கழற்றினோம். முன்னறைக் கணினி பழுதின்றி இயங்கிற்று. ஆகவே நிறுவனத்தின்மீது குற்றமில்லை. அதே அறையில் எமது தொலைபேசியும் வைபையில் நன்றாக இயங்கிற்று. கம்பியை மீண்டும் பொருத்தி, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து இயக்கினோம். தொல்லை திரும்பிற்று. உடனே இரு கருவிகளினதும் முகவரிகளை ஒப்பிட்டோம். இயங்கிய கணினியின் முகவரி 192.168.1.14, வாயில் 192.168.1.1. இயங்காத தொலைபேசியின் முகவரி 192.168.0.103, வாயில் 192.168.0.1. மர்மம் துலங்கிற்று.

வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்கி, வெளியே செல்லும் வாயிலைக் காட்டுவது ரவுட்டரின் பணிகளுள் ஒன்று. டி.எச்.சி.பி. என்பது அப்பணிக்குரிய பெயர். பழைய ரவுட்டரும் அப்பணியைத் தன்போக்கிற் செய்துகொண்டிருந்தது. ஓரூருக்கு இரண்டு விதானைமார்! எவர் முந்தி விடை சொல்கிறாரோ அவர் கொடுப்பதே முகவரி. பழையது தன்னையே வாயிலென்று காட்டிற்று. அதற்கப்பால் வழியே இல்லை. கருவி விலகிச் சேரும்போது முகவரி மாறக்கூடுமாதலால், இன்று நன்றாயிருந்தது நாளை முடங்கிற்று.

பரிகாரம் எளிது. கணினியைப் பழைய ரவுட்டருடன் மாத்திரம் கம்பியால் இணைத்தோம். முன்னறை ரவுட்டர் எவருக்கும் பங்கிடாத 192.168.1.2 என்ற முகவரியை அதற்கு நிலையாகக் கொடுத்து, அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்தினோம். முன்னறையிலிருந்து வரும் கம்பியை, இணையத்துக்கென்றுள்ள தனித் துளையிலன்றி, முன்போலவே கணினிகளுக்குரிய துளையொன்றிற் செருகினோம். எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்து இயக்கினோம். அன்று தொட்டு மகளின் வகுப்பு அறவில்லை.

தொலைபேசியை மகனிடம் திருப்பிக் கொடுத்து, "பிழை எங்கடைதான், தம்பி" என்றோம். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். கருவி பழுதுற்றால் கம்பி கம்பியாகக் கழற்றிப் பார்க்கும் நாம், பிள்ளையைக் குற்றஞ்சாட்டுமுன் அந்தப் பொறுமையிற் பாதியேனும் காட்டலாமல்லவா?