முதுகு இல்லாத குதிரைகள்

லீட்ஸ்,
நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள். ஒரு வாரம் டிவி பார்க்கக் கூடாது என்று சொன்ன டாக்டரிடமே சண்டைக்குப் போனீர்களாமே! கட்டு அவிழ்த்த பிறகு சிரமப்படாமல் வாசிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன். பக்கம் கூடினால் திட்டாதீர்கள்.

போன தடவை போனில் "சாயங்காலமெல்லாம் என்னடி செய்யறே?" என்று கேட்டீர்கள். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டீர்கள். அது எனக்கு உறைத்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இந்த ஊர் ஆர்ட் கேலரியில் ஒரு படம் இருக்கிறது. ஏறக்குறைய 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நீங்கள் வரையும் சினிமா பேனர் கணக்கில் அது ஹீரோவின் மூக்குக்குக்கூடக் காணாது. ஆனால் முன்னால் போய் நின்றால் கால் தானாக ஓரடி பின்னால் போகிறது. சாம்பல் குதிரைகள் ஒரு கூட்டம், சிவப்புச் சட்டைக்காரர்களைச் சுமந்துகொண்டு, நேராக நம் மேல் பாய்ந்து வருகின்றன. பக்கவாட்டில் ஓடும் குதிரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூக்கு, மார்பு, குளம்பு. 'ஸ்காட்லாந்து ஃபார் எவர்' என்று பெயர். 1815 ஜூன் 18, வாட்டர்லூ போர்க்களத்தில் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படை நெப்போலியனின் படைமேல் பாய்ந்த காட்சி. வரைந்தது ஒரு பெண், லேடி பட்லர்.

அவள் ஒரு போரையும் கண்ணால் பார்த்ததில்லை, மாமா. புருஷன் பட்டாளத்து அதிகாரி. அந்தச் செல்வாக்கில் இதே ரெஜிமெண்ட்டைத் தன்னை நோக்கிப் பாயச் சொல்லி, எதிரே நின்று பார்த்திருக்கிறாள். 1874-இல் அவள் வரைந்த ஒரு படத்துக்குக் கூட்டம் தாங்காமல் போலீஸ் போட்டார்கள். அப்படிப்பட்டவளை 1879-இல் ராயல் அகாடமியில் சேர்க்க ஓட்டெடுத்து, இரண்டே ஓட்டில் தோற்கடித்தார்கள். அப்புறம் லண்டனில் யாரோ நாசூக்குக்காரர்களின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, எரிச்சலில் வீட்டுக்கு வந்து, கேன்வாஸை அடித்து மாட்டி, இந்தக் குதிரைகளை ஓட விட்டாளாம். 1881-இல் முடித்தாள். கோபத்தில் வரைந்த படம் என்பது பார்த்தாலே தெரியும்.

என் பிள்ளை காலேஜுக்குப் போனபோது கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுப் போனான். உள்ளே இத்தாலேரி கம்பெனியின் ஸ்காட்ஸ் கிரேஸ் பிளாஸ்டிக் வீரர்கள், 72-இல் ஒரு பங்கு அளவு. ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. பெட்டியைத் திறந்ததும் அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. அதை ஒரு பெட்டிக்குள் பொம்மைகளால் செய்து பார்த்தால் என்ன?

அங்கேதான் மாட்டினேன். அச்சில் வார்க்கும் பொம்மைக் குதிரைக்கு அச்சு இரண்டே பாதி. இரண்டும் இடமும் வலமுமாகத் திறந்து பொம்மையை விட வேண்டும். அதனால் எல்லாக் குதிரையும் தட்டையாக, பக்கவாட்டு அழகு காட்டிக்கொண்டு ஓடும். படத்தில் இருப்பதுபோலக் கழுத்தைத் திருப்பி, நெஞ்சை முன்னுக்குத் தள்ளி வருகிற குதிரை கடையில் கிடைக்காது. நாமேதான் அறுத்து ஒட்ட வேண்டும். நகை செய்கிறவர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் கழுத்தை அறுத்தேன். உடம்பில் ஊசித்துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். நடுவில் விழுந்த இடைவெளிக்கு ஒரு மாவு இருக்கிறது. மஞ்சள் பட்டையும் நீலப் பட்டையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சை ஆகும். பேரே கிரீன் ஸ்டஃப். கையில் தண்ணீர் தொட்டுக்கொள்ளாவிட்டால் விரலோடு வரும். முதல் குதிரையின் கழுத்தில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்துவிட்டது. பத்திர ஆபீஸில் கொடுத்தால் செல்லும்.

காலும் வம்புதான். பெட்டிக் குதிரைகள் முன்கால் இரண்டை முன்னாலும் பின்கால் இரண்டைப் பின்னாலும் நீட்டிப் பறக்கின்றன. நிஜக் குதிரை அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமரா வைத்துப் பிடித்துக் காட்டிவிட்டார்: நாலு காலும் தரையை விட்ட நொடியில் கால்களெல்லாம் வயிற்றுக்கடியில் வந்து கூடியிருக்கும். ஆகவே வெந்நீரில் முக்கி, இளகியதும் ஒவ்வொரு முட்டியாக மடக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டேன். நாலில் ஒன்று ஒடிந்தது. ஒடிந்த காலைப் புழுதிக்குள் மறைத்துவிட்டேன். இதை வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

வாள் செய்ததைத்தான் உங்களிடம் காட்ட ஆசை. பிளாஸ்டிக் வாள் இட்லிக் கரண்டி மாதிரி தடியாக இருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் பித்தளைக் குண்டூசியை எடுத்தேன். இரும்பு ஊசி அடித்தால் விரியாது, தெறிக்கும். சுத்தியால் தட்டித் தட்டித் தகடாக்கி, அரத்தில் தேய்த்து, ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்தேன். அந்தப் படையின் வாள் வளைவு இல்லாத நேர் வாள். இப்படிப் பதினொன்று. பதினொரு ஆட்களோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் என் கண் ஒத்துக்கொள்ளாது.

படத்தை உங்கள் முறையில்தான் பிடித்தேன். போட்டோ அச்சு எடுத்துக் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் 40 சென்டிமீட்டர் அகலப் பெட்டிக்குள்ளும் நூலால் கட்டம் கட்டினேன். எந்தக் குதிரையின் மூக்கு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்து நிறுத்தினேன். ஆனால் அடி நீளம் மட்டும்தானே பெட்டி உள்ளே போகிறது? படத்தில் படை தூரத்துக்குப் போகிறது. அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். முன்வரிசைக்கு 28 மில்லிமீட்டர் உலோக ஆட்களை வாங்கினேன், பின்வரிசைக்குப் பிள்ளையின் சின்ன ஆட்கள். பெரியதும் சின்னதும் ஒரே மட்டத்தில் நின்றால் கேலிக்கூத்து. பெட்டியின் வாயிலிருந்து பார்த்தால் மட்டும் கால் மைல் தூரம் தெரிகிறது.

இனி பெயிண்ட். "வெள்ளையை டப்பாவிலிருந்து அப்படியே எடுத்து வைக்காதே" என்று என் தலையில் குட்டினீர்களே, அது இங்கேதான் உதவியது. சாம்பல் குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயசாக ஆக நரைக்கிறது. முழுக்க வெளுத்த பிறகும் மயிருக்குக் கீழே தோல் கறுப்புதான். அதனால் அடியில் கரும்பழுப்பு போட்டு, காய்ந்த பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டி ஏற்றி, மூக்கையும் முழங்காலையும் இருட்டாகவே விட்டேன். இடுப்பில் வருகிற வட்டப் புள்ளிகளுக்கு வட்டத்தைப் போடக் கூடாது. வட்டங்களுக்கு நடுவே உள்ள வலையைத்தான் அடர் நிறத்தில் போட வேண்டும். இது புரிய எனக்கு நாலு குதிரை ஆயிற்று. சிவப்புச் சட்டைக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சைத் தொட்டேன். அது நீங்கள் சேலை மடிப்புக்குச் செய்தது.

எல்லாம் முடிந்து, மினுமினுப்பு அடங்க மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். வெளியே தூறல், கராஜ் முழுக்க ஈரம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பதினொரு பேர் மேலும் பூஞ்சை பிடித்த மாதிரி வெள்ளைப் படலம்! உட்கார்ந்து அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வீட்டுக்குள், ஹீட்டர் பக்கத்தில், பளபளப்பு வார்னிஷை பிரஷ்ஷால் மேலே ஒரு கை பூசினேன். படலம் கரைந்துபோய் நிறம் திரும்பி வந்தது. இரண்டு பேர் முகத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். குளிரில் வெளிறிய முகம் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை லீவில் வந்தான். பார்த்ததும், "தப்பு, அம்மா" என்றான். அன்றைக்கு அவர்கள் கரடித்தோல் தொப்பிக்கு மேல் மெழுகுத்துணி உறை போட்டிருந்தார்களாம். முந்தின ராத்திரி கொட்டிய மழையில் நிலம் சேறாகி, இப்படி நாலுகால் பாய்ச்சலுக்கு வழியே இல்லையாம். பிரிட்டிஷ் காலாட்படைக்கு நடுவே நடந்து புகுந்துதான் போயிருக்கிறார்கள். பாய்ந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் பிரெஞ்சு பீரங்கிகள் வரைக்கும் போய், ஈட்டிக்காரர்களிடம் மாட்டி, பலர் திரும்பி வரவில்லை. படைத்தலைவர் பான்சன்பியும் அங்கேயே போய்விட்டார். "நீ செய்திருப்பது வாட்டர்லூவே இல்லை" என்கிறான்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நான் வாட்டர்லூவைச் செய்யவில்லையே. அந்த அம்மா எதிரே நின்று பார்த்ததைத்தான் செய்தேன். உறை போட்ட தொப்பியும் சேற்றில் நடக்கும் குதிரையும் வைத்தால் அது வேறு ஒருவருடைய படம். அவனுக்கு வேண்டுமானால் இன்னொரு பெட்டி வாங்கித் தருகிறேன்.

இன்னொன்றையும் அவன் கண்டுபிடித்தான். பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு முதுகே இல்லையே" என்றான். ஆமாம், முதுகில் பிரைமர் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. வாலைக்கூடச் சீவவில்லை. படத்தில் இல்லாத பக்கத்துக்கு நான் எங்கே போய் நிறம் தேடுவேன்? சின்ன வயசில் தியேட்டர் வாசலில் உங்கள் பேனருக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்ச் சவுக்குக்கட்டையையும் கயிற்றையும் காட்டினீர்களே, அதை அவனுக்குச் சொன்னேன்.

இப்போது ஒரு விஷயத்தில் நிற்கிறேன். பெட்டியின் பின்சுவரில் வானம் போட வேண்டும். புகையும் மேகமும் பிரியாமல் கலந்து கிடக்கும் வானம். புழுதிக்கு விளக்குத்திரிப் பஞ்சைப் பிய்த்து, மண் நிறம் தெளித்து ஒட்டியிருக்கிறேன். அந்தப் பஞ்சு முடியும் இடமும் சுவரில் வரைந்த புகை தொடங்கும் இடமும் கோடாகத் தெரிகிறது. மூன்று தடவை அழித்துப் போட்டுவிட்டேன். சண்டைக் காட்சி பேனரில் நீங்கள் குண்டு வெடிப்புப் புகையை ஓரம் தெரியாமல் கரைப்பீர்களே, அது துணியாலா, கையாலா? அடியில் ஈரம் இருக்கும்போதா, காய்ந்த பிறகா?

கண் சரியானதும் எழுதுங்கள். போனில் வேண்டாம், நீங்கள் கையால் செய்து காட்டுவது போனில் தெரியாது. ஓரத்தில் ஒரு சின்னப் படம் போட்டு அனுப்புங்கள். அதுவரை பின்சுவர் வெறும் அட்டையாகவே இருக்கட்டும்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்,
பாப்பா