கடைசியாய் வந்தவனின் கணக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் வடபகுதியில் பகல் சுருங்கத் தொடங்கும், மழையும் ஓயாது. தூத்துக்குடிக் கடற்கரை வெயிலில் வளர்ந்த எனக்கு, லீட்ஸ் நகரில் பதினோரு ஆண்டுகள் கழிந்த பின்பும் அவை வீட்டுக்குள் முடங்கும் மாதங்களாகவே இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மகனின் நச்சரிப்புத் தாளாமல் அருகிலிருந்த பூங்காவுக்குச் சென்றேன். அங்கேதான் சைக்ளோகிராஸ் பந்தயத்தை முதன்முதலாகக் கண்டேன்.

புல்வெளியில் நாடா கட்டி, வளைந்து வளைந்து செல்லும் பாதை அமைத்திருந்தார்கள். மழைநீர் தேங்கி அது சேறாகிக் கிடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த பந்தயங்களில் சிறுவர்களும் இளைஞர்களும் நரைத்த தாடிக்காரர்களும் மிதிவண்டிகளில் பாய்ந்து வந்தார்கள். குறுக்கே நட்ட பலகைகளுக்கு முன் இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். வழுக்கும் மேட்டில் அதைத் தோளில் சுமந்து ஓடினார்கள். மேட்டின் உச்சியை அடைந்ததும் தாவி ஏறி மறைந்தார்கள்.

“வாப்பா, நாமளும் இதுல கலந்துக்கலாமா?” என்றான் மகன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு நாற்பத்தாறு. கேட்டவன் அவன், ஆசை பற்றிக்கொண்டது என்னை.

இவ்விளையாட்டு நேற்று முளைத்ததன்று. பிரான்சில் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குத் தேசியப் போட்டி நடந்தது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடைபெற்றது. பெல்ஜியத்தில் இன்று இது குளிர்காலத்தின் பெரும் விளையாட்டு. எங்கள் லீட்ஸ் நகரில் பிறந்த டாம் பிட்காக், 2022இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் வென்றார். இவற்றையெல்லாம் அன்றிரவே படித்தறிந்தேன். அத்துடன் நில்லாமல், வண்டிகளின் விலைப்பட்டியலையும் திறந்துவிட்டேன்.

அங்கேதான் சோதனை தொடங்கிற்று. கார்பன் ஃபிரேம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்று ஒவ்வொரு படமும் மனத்தை இழுத்தது. நான் தேர்ந்த வண்டியின் விலை 2,400 பவுண்டு. அந்தத் தொகை எங்களிடம் இருந்தது. ஆனால் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. ஊரிலிருக்கும் உம்மாவைப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரும் பிப்ரவரியில் குடும்பத்தோடு செல்வதற்காக, மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினால் என்ன என்று என் மனம் வாதாடத் தொடங்கியது.

மனைவி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: “மாடியில நிக்கிற டிரெட்மில்லைக் கடைசியா என்னைக்குத் தொட்டீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. வீண்விரயம் என்பது பிறர் வீட்டுத் திருமணங்களில் மட்டும் நடப்பதென்று எண்ணியிருந்த எனக்கு, அது என் மாடியிலேயே துணி காயப்போடும் கம்பியாக நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. பயணப் பணத்தைத் தொடுவதில்லை, முதல் பருவம் முழுவதும் வீட்டில் இருப்பதை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

வீட்டில் இருந்தவை கொட்டகையில் தூசி படிந்து கிடந்த இரண்டு மலைப்பாதை மிதிவண்டிகள். உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் அவற்றுக்குத் தடையில்லை. ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். விளக்கு, மணி, மட்கார்டு ஆகியவற்றைக் கழற்றினேன். தண்ணீர்ப் புட்டி மாட்டும் கூட்டையும் எடுத்துவிட்டேன். வண்டியைத் தோளில் ஏற்றும்போது அது விலாவில் இடிக்கும். கைப்பிடி முனைகளில் இருந்த கொம்புகளை அகற்றி, துளைகளை அடைத்தேன். புதிதாக வாங்கியவை மூன்று: என் வண்டிக்கு ஆழ்ந்த பற்களுள்ள இரண்டு டயர்கள், பிரேக் கட்டைகள், குறைந்த காற்றழுத்தத்தையும் துல்லியமாகக் காட்டும் ஓர் அளவி. மொத்தச் செலவு 80 பவுண்டைத் தாண்டவில்லை.

ஒரு மாதம் ஈரப் புல்லில் பயிற்சி செய்தோம். சங்கிலி வலப்புறம் இருப்பதால் எப்போதும் இடப்புறமே இறங்க வேண்டும். வலக்காலைப் பின்புறமாகச் சுழற்றி இடப்பக்கம் கொணர்ந்து, ஓடிக்கொண்டே தரையில் ஊன்றுவதே முறை. ஏறும்போது இருக்கையின் மீது நேராகக் குதித்தால் வலிதான் மிஞ்சும். வலத்தொடையின் உட்புறம் முதலில் பட, வழுக்கி அமர வேண்டும். மகன் இரண்டே நாளில் கற்றான். எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நவம்பர் இறுதியில் முதல் பந்தயம் வந்தது. முற்பகலில் சிறுவர் போட்டியில் மகன் நடுவரிசையில் முடித்தான். என் முறை வருமுன் பாதையைச் சுற்றிப் பார்த்தபோது, முதல் வளைவிலேயே விழுந்தேன். மூன்றாம் வளைவில் மறுபடியும் விழுந்தேன். அருகே நின்ற முதியவர் ஒருவர் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். “காற்றைக் குறையுங்கள், டயர் தரையைப் பிடிக்கட்டும்” என்றார். அளவி 40 பி.எஸ்.ஐ. காட்டியது. 26 வரை குறைத்தேன். அதே வண்டி, அதே சேறு. ஆனால் டயர் நிலத்தில் பரந்து பதிந்து, பற்கள் மண்ணைக் கவ்வின. அதன் பின் அந்த வளைவுகளில் விழவில்லை. ஆயிரம் பவுண்டு கொடுத்தாலும் கிடைத்திராத மாற்றத்தைக் காசில்லாமல் பெற்றேன்.

ஆயினும் கடைசியாகவே வந்தேன். நாற்பது நிமிடப் பந்தயத்தில் முன்னணி வீரர் என்னை இருமுறை சுற்றிக் கடந்தார். ஆனால் நான் அஞ்சியது நடக்கவில்லை. அங்கே முதல்வர் கோட்டைத் தாண்டியதும், பின்னால் வருவோர் தத்தம் நடப்புச் சுற்றை முடித்தால் போதும். எனவே கடைசியில் வருபவனைத் தனியே ஓடவிட்டு ஊர் வேடிக்கை பார்ப்பதில்லை. கூட்டத்துக்கு முதல்வன், கடைசியானவன் என்ற பேதமும் இல்லை. மேட்டில் வண்டியைச் சுமந்தபடி மூச்சிரைத்து நின்றபோது, நாடாவை ஒட்டி ஓடிவந்த மகன், “வாப்பா, நிக்காதீங்க, இன்னும் ரெண்டு வளைவுதான்!” என்று கத்தினான். அவன் முன்னே நான் எதிலாவது கடைசியாக வந்ததும், வந்த பின்பும் விட்டு விலகாமல் இருந்ததும் அதுவே முதல் முறை.

பிப்ரவரியில் ஊருக்குச் சென்றோம், அல்ஹம்துலில்லாஹ். கைப்பேசியில் பந்தயக் காட்சியைப் பார்த்த உம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “ஒங்க வாப்பா வேற வழியில்லாம கடக்கரை மணல்ல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வருவாங்க. நீ காசு குடுத்துச் சேத்துல தூக்கிக்கிட்டு ஓடுறியே!”

திரும்பி வந்து, அடுத்த பருவத்துக்கு முன் அந்த டிரெட்மில்லை விற்றோம். அந்தப் பணத்தோடு சிறிது சேர்த்து, 380 பவுண்டுக்குப் பயன்படுத்திய சைக்ளோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கினேன். ஒரு பருவம் ஓட்டியிருந்ததால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முதலில் ஃபிரேமின் அளவு உடலுக்குப் பொருந்த வேண்டும். பற்றவைப்புகளில் விரிசல் இருக்கக் கூடாது. டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே சேறு அடைக்காத இடைவெளி வேண்டும். முன்புறம் ஒற்றைப் பல்சக்கரம் போதும், கோளாறு குறைவு. பன்னாட்டு விதிகள் 2010இல்தான் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தன. அதற்கு முந்தைய வண்டிகளின் பழைய பிரேக்குகள் சேற்றில் தளரும். டயரின் அகலம் அவ்விதிகளின்படி 33 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. மகன் வளரும் பிள்ளை. ஆண்டுதோறும் அளவு மாறும். ஆகவே அவனுக்கு, சக வீரர் ஒருவரின் மகனுக்குச் சிறிதாகிப்போன வண்டியை வாங்கினோம்.

பந்தய நாளுக்கும் சில ஆயத்தங்கள் உண்டு. இறுக்கமான உடை கட்டாயமன்று. மேலே தளர்ந்த கால்சட்டை அணிந்தே நான் ஓட்டுகிறேன். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். எனவே லுஹரை முடித்துவிட்டே தொடக்கக் கோட்டுக்குச் செல்வேன். அஸருக்காக ஒளூவுக்கு நீரும் மாற்றுடையும் காரில் இருக்கும். வீடு திரும்பியதும் வண்டியைக் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். வேகமாகப் பீய்ச்சும் நீரை அச்சுகளின் பேரிங்குகள்மீது நேராகப் பாய்ச்சினால் அவை விரைவில் கெடும்.

இதில் இறங்க விரும்பும் சகோதரர்களுக்கு என் சொல் இதுதான்: கொட்டகையில் கிடக்கும் வண்டியோடு ஒரு பருவம் ஓட்டுங்கள். விருப்பம் நிலைத்தால், எது தேவை என்பதை அந்தச் சேறே கற்றுத் தரும். நிலைக்காவிட்டால் நட்டம் இரண்டு டயர்கள் மட்டுமே.

சென்ற பருவத்தில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். உம்மாவுக்கான பயணக் கணக்கு இன்றும் தனியாகவே இருக்கிறது.