கடலைக் கட்டியவர்கள்

1890ஆம் ஆண்டு தூத்துக்குடி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, பாதியில் நின்றுபோனது. காற்று சாதகமாக இருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது, படகுகளுக்கும் குறைவில்லை, சிப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் குளியாள் ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. கடற்கரை முழுக்கப் பீதி. குளியாட்கள் தாங்களே மந்திரம் அறிந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து அமர்த்தினார்கள். பயம் தணிந்தது, மறுபடி கடலில் இறங்கினார்கள். அதன் பிறகும் சிலரைச் சுறா கடித்தது. சலாபத்தை மூடிவிட்டார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். சிப்பியின் விலையைக் கவனித்தவர் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. கடிபட்டவர்கள் யார், பிழைத்தார்களா என்பதும் அதில் இல்லை. இந்த விடுபடல் என்னை இன்றும் உறுத்துகிறது.

தூத்துக்குடி என்றால் நமக்கு வ.உ.சி.யின் கப்பலும், கோரல் மில் வேலைநிறுத்தமும், மணியாச்சியில் வெடித்த துப்பாக்கியும் நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கரைக்கு அதைவிட நெடிய கதை ஒன்று உண்டு: கடல்கட்டிகளின் கதை. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பப்பட்டவரே கடல்கட்டி. அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். குளியாட்கள் இறங்காவிட்டால் அரசனுக்கு முத்து இல்லை, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வருமானம் இல்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றிச் சொல்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. அரசன் வாங்கியதில் பாதி! அதைவிட எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. மந்திரம் பகல் ஒரு பொழுதுக்குத்தான் செல்லும். இருட்டியதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாதே, அதற்காக. காவல்காரன் இல்லாத கடலுக்கு ஒரே மந்திரத்தில் காவலும் போட்டுவிட்ட அந்த மதிநுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல், மன்னார் பக்கத்துச் சலாபத்தில் கண்டதைக் குறிக்கிறார். படகுகள் போனதிலிருந்து திரும்பும்வரை மந்திரக்காரர் கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அன்னந்தண்ணீர் தொடக் கூடாது. சிலர் கள்ளைக் குடித்துவிட்டு நிற்க முடியாமல் போனதையும் அவர் சேர்த்தே எழுதுகிறார். 1840களில் இலங்கையின் அரிப்புக் கரைக்குப் போன பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டென்னன்ட் சொல்வது இன்னும் சுவையானது. அப்போதைய கடல்கட்டி கத்தோலிக்கர். பரம்பரை உரிமைதான் கணக்கு. மதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. டென்னன்ட் போன நாளில் உடம்புக்கு முடியவில்லை என்று அந்தக் கடல்கட்டி வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர், "எனக்கு அந்த ரகசியம் தெரியாது, ஆனால் அவருடைய ஆளாக நான் நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும்" என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். குளியாளின் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வராது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் படகு புறப்படும். பொழுது விடியும்போது சிப்பி கிடக்கும் பாரின்மேல் நிற்கும். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலைப்பையோடு ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்க வேண்டும். உள்ளே இருக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியையெல்லாம் அள்ளிக் கயிற்றை இழுத்தால் மேலே தூக்குவார்கள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் அதே. மதியம் கடல்காற்றில் கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு.

சுறா கடித்த சம்பவங்கள் உண்மையில் குறைவு. நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலும், ஓயாமல் குதிக்கும் கற்களும் ஆட்களும் சுறாவை விரட்டியிருக்கும் என்று டென்னன்ட் கருதினார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் குனிந்து சிப்பி பொறுக்குகிறவனின் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று எந்தக் கணக்கும் அவனுக்குச் சொல்லாது.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளுஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்கிறது. கைதியின் பயத்தை யாரும் கேட்கப்போவதில்லை. இறங்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை குளியாளுக்கு வந்த பிறகுதான் கடல்கட்டிக்கு வேலை வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உழைக்கிறவனின் அச்சத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையே அந்த இருபதில் ஒரு பங்கு. காப்பீடோ மருத்துவமோ இல்லாத காலத்தில் அவனால் கேட்டு வாங்க முடிந்தது அது ஒன்றுதான்.

தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் கடல்கட்டியைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எங்க பாட்டையா காலத்துக் கதை, தம்பி. நாங்க மாதாவ நெனச்சிக்கிட்டு எறங்குவோம். மேல கயிறு புடிக்கிறது மச்சான். அக்கா தங்கச்சி தாலி அவன் கையிலல்ல இருக்கு, விடுவானா?" என்றார். பேசும்போது வலது கை தானாகவே கயிற்றை இழுப்பதுபோல் இரண்டுமுறை அசைந்தது.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. அன்று இருபது வயதில் குளித்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். தெரேஸ்புரத்திலோ, புன்னைக்காயலிலோ, வேம்பாரிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் கயிறு பிடித்தார்கள், யாரைச் சுறா கடித்தது, என்ன சொல்லிக் கும்பிட்டு இறங்கினார்கள் என்று கேட்டு, பெயர்களோடு எழுதி வையுங்கள்.