அப்பாவுக்கு ஒரு 'டார்'!

2013-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி முடிந்து ஈஸிசேரில் சாய்ந்த அப்பா, "நான் சொல்றேன், எழுதி வைடா. எனக்கப்புறம் யாரு சொல்லப் போறா?" என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் அவர் சொல்வார், நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். மில்லில் வேலைக்குச் சேர்ந்தது, முதல் சம்பளத்தில் அத்தைக்குக் கொலுசு, முடியெல்லாம் பஞ்சாக வீடு திரும்பியது... ஏழு மாசத்தில் நாற்பது பக்கம். ஃபைலுக்குப் பெயர் 'அப்பா'. இங்கிலீஷில் 'ஏ'யில் ஆரம்பிக்கிற பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வில்லங்கமே அங்கேதான்!

ஆபீஸில் லினக்ஸ் போட்ட பையன், "மௌஸே வேண்டாம் சார், ஒரே வரியில பேக்கப்" என்று எனக்கு ஒரு வித்தை கற்றுக் கொடுத்திருந்தான். 'டார்' என்று ஒரு கட்டளை. டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. பக்கத்தில் மூன்று எழுத்து: சி என்றால் மூட்டை கட்டு, இசட் என்றால் 'ஜிஸிப்' போட்டு அமுக்கு, எஃப் என்றால் அடுத்து வருவது மூட்டையின் பெயர். அதற்கப்புறம், கட்ட வேண்டிய சாமான்கள். எல்லாமே வேண்டுமா? ஒரு நட்சத்திரக் குறி போதும்.

அன்று ராத்திரி முதல் முறையாக பேக்கப் எடுக்க உட்கார்ந்தேன். "தோசை ஆறுது" என்று உள்ளேயிருந்து குரல். அவசரத்தில் மூட்டைக்குப் பெயர் வைக்க மறந்துபோய், எஃப்புக்கு அடுத்து நேராக நட்சத்திரத்தைத் தட்டிவிட்டேன். என்ட்டர்!

நட்சத்திரம் என்ன செய்யும் தெரியுமோ? ஃபைல் பெயர்களை அகர வரிசையில் நிறுத்தும். முதலில் நின்றவர் அப்பா. 'ஓஹோ, இதுதான் மூட்டையா' என்று டார் அந்த ஃபைலைத் துடைத்துக் காலி பண்ணி, மற்றதையெல்லாம் அதற்குள் திணித்துவிட்டது. 'நிஜமாத்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும், லினக்ஸில் இருக்கிற டாரிடம் காலி மூட்டை கட்டச் சொல்லிப் பாருங்கள், 'கோழைத்தனமாக மறுக்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும்! அப்பாவிடம் மட்டும் எங்கிருந்து வந்ததோ வீரம்.

மறுவாரம் ஃபைலைத் திறந்தால் கோழி கிறுக்கல். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். கல்யாண போட்டோ, சம்பள ஸ்லிப், இன்ஷூரன்ஸ் நகல்... எல்லாம் பத்திரமாக இருந்தன, அப்பாவைத் தவிர. ஆபீஸ் பையன் உதட்டைப் பிதுக்கினான்.

இரண்டு வாரம், "எழுத்துப் பிழை பார்க்கிறேம்பா" என்று புளுகினேன். மூன்றாவது வாரம் முடியவில்லை.

"தாரா? ரோடு போடற தாரா?" என்றார் அப்பா. அப்புறம், "போனாப் போவுது. முதல்லேர்ந்து எழுது."

எழுதினோம். கொலுசு வந்தது, பஞ்சு வந்தது. ஸ்டிரைக் வந்தது. போன தடவை, "அத்தனை பேரும் கடைசி வரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்னோம்" என்று சொல்லியிருந்தார். நான் ஞாபகத்திலிருந்து தட்ட ஆரம்பித்தேன்.

"அப்படி எழுதாதே" என்றார். "பதினோராம் நாள் நான் உள்ளே போயிட்டேன். பின்பக்க கேட் வழியா. நீ அம்மா வயித்துல எட்டு மாசம். வீட்ல அரிசி இல்லே. என் ஷிப்டு சிநேகிதன் பார்த்துட்டான். சாகிற வரைக்கும் என்கிட்ட பேசலே."

என் கை நின்றுவிட்டது.

"தட்டுடா."

அன்றைக்கே, மேல் டைரக்டரிக்குப் போய், மூட்டைக்குப் பெயர் வைத்து, அப்புறம் டைரக்டரி பெயரைப் போட்டு, இரண்டு தரம் சரிபார்த்து என்ட்டர் தட்டினேன். பென் டிரைவில் ஒரு காப்பி. தங்கை வீட்டுக்கு ஒன்று.

"நான் கடைசியா சொன்னது உள்ளே இருக்கா பாரு" என்றார் ஈஸிசேரிலிருந்து.

"பட்டியல்ல ஃபைல் பெயர்தாம்பா தெரியும்."

"அப்போ பிரிச்சுப் பாரு."

வேறொரு டைரக்டரியில் பிரித்தேன். சத்தமாக வாசித்தேன், பின்பக்க கேட் வரைக்கும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.