கை தானா விட்டுடுச்சுண்ணா!

"அண்ணா, எனக்கு வில்லு வேணும்!"

இப்படித்தான் வினை ஆரம்பிச்சது. எங்க கேங்கில் அஞ்சு பேர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா, கேன்டீனுக்குப் பின்னாடி இருக்கிற சிமென்ட் மேஜையில் உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் ஆடுவோம். தெரியாதவங்களுக்காக... கம்ப்யூட்டர் கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரமா அதுக்குள்ளே புகுந்துக்கணும். நினைச்சது நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும். கதை சொல்ற உத்தியோகம் அடியேனுக்கு. ஃபைனல் இயர், கையில் வேலை இல்லை, வேற என்னதான் பண்றது!

இந்த முறை கதை 1680-களின் கியோட்டோவில். மூணு பேர் வாளை எடுத்துக்கிட்டாங்க. செகண்ட் இயர் சோடாபுட்டி (பட்டப்பெயர்தான், கோவிச்சுக்க மாட்டாள்) மட்டும் வில் கேட்டாள். நாங்க ஆடுற 'கர்ப்ஸ்' விதிகளில் 'ஜென் வில்வித்தை'ன்னே ஒரு திறமை இருக்கு. அதைக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் ஜப்பான் வில்வித்தையை ஒரு முழு சண்டைக் கலையா எழுதிப் பார்க்கணும்னு ஆசை.

முதல்ல கண்ணில் பட்டது ஒரு ரெக்கார்டு. கியோட்டோவில் ஸான்ஜூஸான்கென்தோன்னு ஒரு கோயில். அதோட நீளமான தாழ்வாரம் சுமார் 120 மீட்டர். ஒரு முனையில் உட்கார்ந்து, மேலே கூரையில் இடிக்காம, மறுமுனையைத் தாண்டி அம்பு விடணும். 1686-ல் வாஸா தைஹாசிரோ என்கிற இளைஞன் ஒரு முழு நாளில் 13,053 அம்பு விட்டு, அதில் 8,133-ஐக் கடத்திக் காட்டினான். கால்குலேட்டரைத் தட்டினேன். நிமிஷத்துக்கு ஒன்பது அம்பு, தூங்காம! அடிச்சேன்டா லாட்டரின்னு, அம்பு எண்ணிக்கைக்கும் இலக்கில் படுறதுக்கும் மட்டுமே பாயின்ட் வைத்து ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

சோடாபுட்டி படிச்சுட்டு, "இது வில்லு இல்லண்ணா, தையல் மெஷின்" என்றாள்.

ரோஷம் வந்துடுச்சு. கியூடோ பத்தி ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். அந்த வில்லே ஒரு விசித்திரம். சாதாரணமா 221 சென்டிமீட்டர், ஆளை விட உயரம். பிடிப்பு நடுவில் இருக்காது. கீழிருந்து மூணில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். குதிரை மேலிருந்து விட வசதியா அப்படிச் செஞ்சாங்கன்னு பலரும் சொல்வாங்க. ஆனா, ஜப்பானியர் வில்லின் கீழ்ப்பக்கம் குட்டை, மேல்பக்கம் நெட்டைன்னு 3-ம் நூற்றாண்டுச் சீன வரலாறே சொல்லுது. குதிரை வீரர்கள் எல்லாம் அதுக்கு ரொம்பப் பிற்பாடு. இலக்கு 36 சென்டிமீட்டர் அகலம், 28 மீட்டர் தூரம். நிற்கிறதில் ஆரம்பிச்சு, அம்பு போன பிறகும் அசையாம நிற்கிற 'ஸான்ஷின்' வரை எட்டு நிலைகள். (பழைய ஹெகி மரபில் ஏழுதான். என் கதை 1680-கள் என்பதால் இது கொஞ்சம் கலப்படம், கண்டுக்காதீங்க.)

'ஜென்' சமாச்சாரத்தையும் துருவினேன். 1920-களில் ஸெண்டாயில் தத்துவம் கற்பித்த ஜெர்மன்காரர் ஆய்கன் ஹெரிகல், அவா கென்ஸோ என்ற ஆசிரியரிடம் வில் பழகினார். அவர் எழுதி 1948-ல் வந்த புத்தகம்தான் இந்த ஜென் மோகத்துக்குப் பெரிய காரணம். 2001-ல் யமாடா ஷோஜி என்ற ஆய்வாளர், அதில் பாதி மொழி புரியாத குழப்பம்னு விளக்கமா எழுதி பலூனில் ஊசி குத்திட்டார். எனக்கு ஒரு வகையில் நிம்மதி. கண்ணை மூடி ஞானம் பெற்று இலக்கை அடிக்கிற வித்தைக்கு எல்லாம் விதி எழுத என்னால ஆகாது!

ஆனா ஆறாவது நிலையில் மாட்டிக்கிட்டேன். பேரு 'காய்'. நாணை முழுசா காது தாண்டி இழுத்தாச்சு. அம்பை இன்னும் விடலை. அந்தச் சில விநாடிகள் அப்படியே நிற்கணும். அங்கேதான் வில்லாளிகளுக்கு வர்ற ஒரு வியாதி பத்திப் படிச்சேன்: 'ஹயாகே'. முழுசா இழுத்த உடனே, சில சமயம் இழுத்து முடிக்கிறதுக்குள்ளேயே, கை தானா விட்டுடும். நிறுத்தணும்னு மனசு நினைக்கும், கை கேட்காது. நல்லா அடிக்கிறவங்களுக்கும் வரும். வந்தா லேசில் போகாதாம்.

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. இந்த வியாதியை எனக்குத் தெரியும். மூணு கேம்பஸ் இன்டர்வியூவில் நான் கவுந்தது இப்படித்தான். கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் வாயை விட்டுப் போயிடும். மூணாவது இடத்தில் ஒருத்தர், "தம்பி, கேள்வியை நான் முடிச்சுக்கட்டுமா?" என்று சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவர் சிரிச்சதுதான் இன்னும் வலிக்குது.

அன்னிக்கு ராத்திரியே விதியை மாத்தி எழுதினேன். 'காய்' நிலையில் ஒவ்வொரு சுற்று காத்திருந்தாலும் குறிக்கு ரெண்டு பாயின்ட் கூடும். ஆனா ஒவ்வொரு சுற்றும் மூணு பகடை உருட்டணும். முதல் சுற்றில் கூட்டுத்தொகை 11-க்குள் வரணும், அடுத்து 10, அப்புறம் 9. தாண்டினா ஹயாகே. அம்பு அதும்பாட்டுக்குப் போயிடும்.

அடுத்த சனிக்கிழமை. தாழ்வாரத்தில் வில்லன் ஒரு சின்னப் பையனைக் கேடயமா பிடிச்சுக்கிட்டு நிற்கிறான். தூணுக்கு வெளியே தெரியிறது தோள்பட்டை மட்டும். சோடாபுட்டி நாணை இழுத்தாள்.

"விடு, விடு!" வாள் பார்ட்டிகள் மூணும் கத்துது.

"இருங்கடா" என்றபடி உருட்டினாள். பத்து. தப்பிச்சாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடியும் பத்து, மயிரிழை! பக்கத்து மேஜையில் டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்ககூட எட்டிப் பார்த்தாங்க. "இன்னும் ஒரு சுற்று" என்றாள். உருட்டினாள்.

பதிமூணு.

அம்பு தூணில் குத்தி நின்னுது. வில்லன் பையனோட இருட்டில் ஓடிட்டான். மூணு பேரும் அவளைக் காய்ச்சி எடுத்தாங்க. அவள் பகடையையே பார்த்துக்கிட்டு, "கை தானா விட்டுடுச்சுண்ணா" என்றாள், நிஜமாவே வில் பிடிச்ச மாதிரி.

எல்லாரும் போன பிறகு அவளிடம் மட்டும் இன்டர்வியூ கதையைச் சொன்னேன். வீட்டில்கூட 'கட்-ஆஃப் ஜாஸ்தி'ன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். அவள் ஆறுதல் எல்லாம் சொல்லலை. "உங்களுக்கு எத்தனைண்ணா? 11-ஆ?" என்றாள்.

"ஏழு இருந்தா அதிகம்."

நாலாவது இன்டர்வியூ போன வாரம். முதல் கேள்வி முடிஞ்சது. நான் மனசுக்குள் ஒரு சுற்று, ரெண்டு சுற்றுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். "கேள்வி புரியலையா?" என்றார் ஒருத்தர். "புரிஞ்சுது சார், யோசிக்கிறேன்" என்றேன். அதுவே என் வாழ்க்கையில் புதுசு. அடுத்த மூணு கேள்வியும் அப்படித்தான் போச்சு. கடைசியில், "வெளியூரில் போட்டா..." என்று ஆரம்பிச்சார். "எங்கே வேணும்னாலும் வரேன் சார்!" என்று குதிச்சுட்டேன். "...பெற்றோர் சம்மதிப்பாங்களான்னு கேட்க வந்தேன்" என்றார். ரிசல்ட் இன்னும் வரலை.

சனிக்கிழமை மேஜையில் இதை அப்படியே ஒப்பிச்சேன். வாள் பார்ட்டிகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சோடாபுட்டி என் நோட்டை இழுத்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு '8' போட்டுட்டு, "சரி, அந்தப் பையனை எங்கே தூக்கிட்டுப் போனான்? ஆரம்பிங்கண்ணா" என்றாள்.