நீலச் சட்டைக்காரரின் வரவு செலவு

சம்பளம் நின்றுவிட்டது என்ற செய்தியைப் பங்காருபேட்டைக்காரர்கள் சாதாரணமாகக் கேட்டுக்கொள்வதில்லை. 2025 ஆகஸ்ட் 4 அன்று பெங்களூரு எஃப்.சி. கால்பந்து கிளப், தன் முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நகரத்து ரசிகர்கள் கோபப்பட்டார்கள், கேலி செய்தார்கள், கிளப் முதலாளியைத் திட்டினார்கள். பங்காருபேட்டையில் இருக்கும் இந்த ரசிகருக்கோ 2001 பிப்ரவரி 28 ஞாபகம் வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கங்களை மூடிய நாள் அது.

அவருக்கு வயது 54. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 30 வருடம் வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய சுரங்கம். சுரங்கம் மூடியபின் குடும்பம் லைன் வீட்டிலிருந்து பங்காருபேட்டைக்கு வந்து சேர்ந்தது. ரயில் ஜங்ஷன் என்பதுதான் காரணம். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் இவரும் அவர்களில் ஒருவர். ஆட்டம் உள்ள நாட்களில் மட்டும் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊர்ப்பக்கம் திரும்பாமல் எதிர்த்திசையில் கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போவார். ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று 80-வது நிமிடத்திலேயே எழுந்துவிடுவார். கடைசிப் பத்து நிமிடத்தில் விழுந்த கோல்களில் பாதியை அவர் பெட்டியில் நின்றபடி செல்போனில்தான் பார்த்திருக்கிறார்.

தங்கவயல்காரருக்குக் கால்பந்து புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் சுரங்கம் தோண்டிய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்து மைதானங்களில் பந்து உருண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூரில் ஆடியவர். அதே ஆட்டத்தில் இந்தியா பெனால்டியையும் தவறவிட்டது. மைசூர் மாநில அணி நாலு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு கர்நாடகம் அந்தக் கோப்பையை மறுபடி தொட 2023 வரை, 54 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அணிகளின் பெயரைக் கேட்டாலே விஷயம் புரியும். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று எல்லாம் பொதுத்துறை நிறுவனங்கள். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். முழங்கால் போனாலும் வேலை போகாது. “பந்தை உதைத்தால் பென்ஷன் வரும் என்று அப்பாக்கள் நம்பிய காலம்” என்கிறார் அவர். எச்.ஏ.எல். அணி 2011-12 பருவத்தில் தேசிய ஐ-லீகில் கடைசி இடம் பிடித்தது. அத்துடன் அந்தக் காலமும் ஏறக்குறைய முடிந்தது.

அடுத்து வந்தது 2013. ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், 2016-ல் இன்னொன்று. அதே ஆண்டு ஆசிய கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன முதல் இந்திய கிளப் என்ற பெயர். 2019-ல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம். மும்பையில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கோவா அணிக்கு எதிராக ராகுல் பேக்கே கோலடித்தபோது கூடுதல் நேரமும் முடியப்போகிற கட்டம். டி.வி.யில் பார்த்ததால் அந்தக் கோல் இவருக்குத் தப்பவில்லை.

கோப்பைகளை எண்ணும் அதே ஆள் கணக்கையும் எண்ணுவார். தொழில் புத்தி. “ஒரு பருவத்தின் வரவை என் விரலிலேயே போட்டுக் காட்டுகிறேன்” என்று ஆரம்பிப்பார். 2024-25 பருவத்தில் 13 கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மண்ணில் 12 ஆட்டம். ஆட்டத்துக்கு 20,000 பேர் தவறாமல் வந்து, ஆளுக்கு சராசரி ரூ. 200 கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ. 4.8 கோடி. அவ்வளவு கூட்டம் ஒவ்வொரு முறையும் வருவதில்லை என்பது அவருக்கே தெரியும். செலவுப் பக்கத்தில் வீரர்களின் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பே சில பருவங்களில் ரூ. 16.5 கோடி. விமானம், ஹோட்டல், பயிற்சியாளர், மைதான வாடகை, லீகில் இருப்பதற்குக் கட்டும் கட்டணம் எல்லாம் தனி. விளம்பரதாரர்கள் கொஞ்சம் தருவார்கள். மீதிப் பள்ளத்தை முதலாளிதான் நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும், கேட்காமல், கோபித்துக்கொள்ளாமல்.

இந்தக் கணக்கு பெங்களூருக்கு மட்டுமல்ல, லீக் முழுவதற்கும் பொருந்தும். லீகே ஓர் ஒப்பந்தத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்புடன் 15 வருடத்துக்கு ரூ. 700 கோடி மதிப்பில் போட்ட ஒப்பந்தம் அது. 2025 டிசம்பரில் அது முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் 15 வருடமாகத் தெரியும். ஆனாலும் புதுப்பிப்பது பற்றிப் பேசி முடிக்கவில்லை. 2025 ஜூலையில் லீகை நடத்தும் நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்த, சென்னையின் எஃப்.சி.யும் அதே வழியில் போனது. நவம்பரில் சம்மேளனம் உரிமைகளுக்கு டெண்டர் கேட்டபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. “தங்கம் இருக்கிறது என்கிறார்கள், தோண்ட ஆளில்லை. எங்களுக்குப் பழகிய கதை” என்று சிரிக்கிறார் ரசிகர்.

அவர் முதலாளியின் எதிரி அல்ல. அந்தப் பணம் இல்லாவிட்டால் நீலச் சட்டையே இல்லை என்பதை மறுப்பதுமில்லை. அவருடைய அச்சம் வேறு. ஒரே ஆளின் பையை நம்பி நிற்கும் எதுவும் அந்த ஆளின் மனம் மாறினால் விழுந்துவிடும். 1996-97-ல் முதல் தேசிய லீகை வென்ற ஜே.சி.டி. அணி 2011-ல் கலைக்கப்பட்டது. மகிந்திரா யுனைடெட் அதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2019-ல் ஐ-லீக் சாம்பியன், இரண்டே வருடத்தில் லீகிலேயே இல்லை. 2022-ல் சூப்பர் லீக் கோப்பை தூக்கிய ஹைதராபாத் அணி சம்பள பாக்கியில் தள்ளாடி, 2025-ல் பெயரும் ஊரும் மாறி டெல்லி அணியாகிவிட்டது. ஜெயித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இந்தப் பட்டியல் ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது.

ஆகவே வீரர் பட்டியலையும் அவர் கணக்குப் புத்தகமாகவே படிக்கிறார். முதல் வரி சுனில் சேத்ரி. 2013-லிருந்து கிளப்பின் முகம். 40 வயதில், 2024-25 பருவத்தில், 14 கோல். இந்தியர்களில் அதுதான் அதிகம். கண்டீரவாவில் இவரும் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறார். ஆனால் வீடு திரும்பும் ரயிலில் வேறு யோசனை: “40 வயதுக்காரர் 14 கோல் அடிப்பது அவருக்குப் பெருமை. 25 வயதுக்காரர் யாரும் அத்தனை அடிக்கவில்லையே, அது நமக்கு எச்சரிக்கை இல்லையா?” பெரிய பெயர்களுக்கான பணத்தில் ஒரு பகுதியை இளைஞர்களின் ஆட்ட நேரத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. 2024 செப்டம்பரில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே கோலை அடித்து வெற்றி தந்த வினித் வெங்கடேஷுக்கு அப்போது 19 வயது. கிளப்பிலேயே வளர்ந்த பெங்களூர்ப் பையன். காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தியும் முதலில் கிளப்பின் இரண்டாம் அணியில் கோல்களைக் குவித்து மேலே வந்தவர்தான். இப்படி இரண்டு பேர் தேறினால் ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளம் மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்.

வெளிநாட்டவர் வரிசையில் அவருக்கு ஒரே விதிவிலக்கு ரயன் வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர், அந்த நாட்டு அணிக்கு ஒரு முறை ஆடியவர். தாய்வழியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். கிளப்புக்கு லாபம், ஏனென்றால் இந்தியராகிவிட்டதால் வெளிநாட்டவர் இடம் ஒன்று காலியாகிறது. தங்கவயல்காரருக்கு இதில் இன்னொரு ருசி. ஊர்காமிலும் சாம்பியனிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனதைப் பார்த்த ஊர் இது. அங்கிருந்து ஒருவர் பந்தோடு இந்தப் பக்கம் வருவது புதுசு.

அப்படிப் போன பள்ளித் தோழர் ஒருவர்தான் அவருக்கு ஆஸ்திரேலியக் கால்பந்தின் கதையைச் சொன்னவர். அது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், கையும் உண்டு. 1989-ல் மெல்போர்னில் ஃபுட்ஸ்க்ரே என்ற தொழிலாளர் பேட்டையின் கிளப் கடனில் மூழ்கியது. பக்கத்து ஃபிட்ஸ்ராய் கிளப்போடு அதை இணைத்துவிட முடிவானது. ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போய்க் கொஞ்சம் அவகாசம் வாங்கி, தெருத்தெருவாக வசூல் செய்து, சில வாரத்தில் சுமார் 15 லட்சம் டாலர் சேர்த்தார்கள். கிளப் பிழைத்தது. 2016-ல் அது சாம்பியனாகவும் ஆனது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டமில்லை. பாஸ்பேட் தோண்டிப் பிழைத்த நவுரு தீவின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 1996-ல் பிரிஸ்பேன் அணியோடு கரைந்துபோனது. அதன் கடைசி ஆட்டம் நடந்த ஊரும் பெர்த்தான்.

இந்த இரண்டு கதையிலிருந்தும் அவர் எடுத்துக்கொள்வது ஒன்றே. ரசிகர்களை உறுப்பினராக்குங்கள், ஆண்டுக்கு ஒரு தொகை வாங்குங்கள், பதிலுக்கு வரவு செலவைக் காட்டுங்கள். 10,000 பேர் ஆளுக்கு ரூ. 1,000 கொடுத்தால் ஒரு கோடி. அதனால் அணி ஓடிவிடாது. “ஆனால் ஒரு கோடி கொடுத்தவர்களிடம் சொல்லாமல் கடையை மூட முடியாது” என்கிறார்.

மறுத்துப் பேச ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. பங்காருபேட்டையின் பெயர்பெற்ற பானிபூரியைத் தின்றபடி நண்பர்களே கேட்கிறார்கள். சுரங்கத்தைத் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தலாம் என்ற பேச்சும்தான் கோர்ட் வரை போனது, கடைசியில் என்ன ஆயிற்று? ஒரு ஷாஃப்ட்டாவது திறந்ததா? இதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை. மேலும் ஒரு சங்கடம்: அவர் போட்டிருக்கும் நீலச் சட்டை கிளப் கடையில் வாங்கியதல்ல. சிவாஜி நகர் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது. அதில் கிளப்புக்கு ஒரு பைசா போகவில்லை. “முதலில் உன் வரவு செலவைக் காட்டு” என்று நண்பர்கள் சொல்லும்போது பேசாமல் இன்னொரு பூரியை எடுத்துக்கொள்கிறார்.

2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர், லீக் பிப்ரவரி 14 அன்று 14 கிளப்புகளோடு தொடங்கும் என்று அறிவித்தார். ஒரு அணிக்கு 13 ஆட்டம் மட்டும். ரசிகரின் விரல்கணக்கில் சொந்த மண் ஆட்டம் 12 என்பது ஆறு, ஏழாகச் சுருங்கியது. வரவு பாதி, செலவு பாதியாகிவிடாது. பட்டியலைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது ரசிகரின் யோசனை அல்ல, கட்டாயம்.

இதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சாக இருந்திருக்கும், அக்கா வீட்டு விஷயம் நடுவில் வராவிட்டால். அக்கா மகனுக்கு 15 வயது. இடது காலால் நன்றாக ஆடுகிறான். பெங்களூரில் கால்பந்துப் பயிற்சியில் சேர வேண்டும் என்று மாமாவை நச்சரிக்கிறான். மாமாதான் அவனைச் சின்ன வயதிலிருந்து கண்டீரவாவுக்குக் கூட்டிப்போய் ஆசையை வளர்த்தவர். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: “சம்பளத்த நிறுத்தற வேலைக்கா என் பையனை அனுப்பச் சொல்ற, தம்பி? அப்பாவுக்கு ஆனது போதாதா?”

கிளப் சம்பளத்தை நிறுத்தியபோதும் இளைஞர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் நடக்கும் என்று சொன்னதை அவர் அக்காவிடம் எடுத்துச் சொன்னார். அக்கா மசியவில்லை. பயிற்சி நடக்கும், பிறகு பிழைப்பு நடக்குமா என்பதுதான் அவர் கேள்வி. ஐ.டி.ஐ. காலத்து அப்பாக்களிடம் இதற்குப் பதில் இருந்தது. இன்றைய ரசிகரிடம் இல்லை.

கடைசியில் ஒரு சமரசம். பையன் வார இறுதியில் ரயிலேறிப் பயிற்சிக்குப் போவான். பி.யூ.சி. முடிக்கும்வரை படிப்பை விடக்கூடாது. ரயில் சீசன் டிக்கெட் செலவு மாமாவுடையது. கணக்கு எழுதுபவர் அல்லவா, அதற்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் செலவு மட்டும் இருக்கிறது. வரவு என்ற பத்தியைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்.